வெடித்தது மழையால்! நட்டம் யாரால்?



கம்பம் பள்ளத்தாக்கில் மழை பெய்தால் ஊரே சந்தோஷப்படுகிறது. முல்லையாறு ஓடுது, குளம் பெருகுது, நெல்லுக்குத் தண்ணி வந்துருச்சு என்கிறார்கள். நாமும் சம்சாரிகள்தான். மழையே வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் பந்தலில் பன்னீர் திராட்சை பழுத்துத் தொங்கும்போது பெய்கிற மழை வேறு மழை. ராத்திரி ரெண்டு மணி நேரம் கொட்டினால் போதும். விடிஞ்சு போய்ப் பார்த்தால் கொத்துக்குக் கொத்து பழம் வெடிச்சு, சாறு வழிஞ்சு, ஈ மொய்க்குது. கவாத்து பண்ணி நாலு மாசம் பார்த்த பாடு, வாங்கிய உரம், அடித்த மருந்து, கொடுத்த கூலி எல்லாம் ஒரே ராத்திரியில் கேள்விக்குறி ஆகுது.

உடனே எல்லோரும் சொல்கிற ஒரு வார்த்தை, "என்னப்பா செய்யிறது, கடவுள் செயல்!" அதிகாரி சொல்கிறார். வியாபாரி சொல்கிறார். கடன் கொடுத்தவர் மட்டும் சொல்வதில்லை.

நாம் கேட்கிறோம். பழம் வெடிக்கிற வரைக்கும் கடவுள் செயல், சரி. வெடிச்ச பிறகு நடப்பதெல்லாம் யார் செயல்? நூறு பழத்தில் அஞ்சு பழம் வெடிச்சதுக்கு நூறு பழத்துக்கும் விலையைக் குறைப்பது கடவுளா? அறுத்த பழத்தை ரெண்டு நாள் வைத்துக்கொள்ள ஒரு குளிர்ந்த அறை பக்கத்தில் இல்லாமல் செய்தது கடவுளா? வெடிச்ச பழத்தைப் பிழிந்து சாறு எடுக்க வழி இல்லாமல் ரோட்டோரம் கொட்ட வைப்பது கடவுளா? அந்த மனுஷச் செயலைப் பற்றிப் பேசத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம்.

பழம் ஏன் வெடிக்குது?

இதை முதலில் நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நமக்குப் புரியவில்லை என்பதை வைத்துத்தான் ஊரெல்லாம் பிழைக்குது. ஒருத்தர் வியாதி என்கிறார். இன்னொருத்தர் மருந்து பத்தலை என்கிறார். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுகிறார்.

பழம் நிறம் மாறத் தொடங்கினதும் உள்ளே சர்க்கரை ஏறுது. சர்க்கரை ஏற ஏற அது தண்ணியை இழுக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசியுதே, அந்த மாதிரி. அதே நேரத்தில் பழத்தோல் இளகுது. பன்னீர் திராட்சைக்குத் தோல் லேசு. அந்த லேசான தோலும் சாறும் வாசனையும்தான் அதுக்குப் பேரே வாங்கிக் கொடுத்தது. மழை பெய்யும்போது ரெண்டு வழியாகத் தண்ணி உள்ளே போகுது. ஒண்ணு வேர் வழி. இன்னொண்ணு, பழத்து மேலேயே தங்கி நிற்கிற தண்ணி, தோலில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகவும் காம்பு சேர்கிற இடத்திலும் ஊறி இறங்குது. உள்ளே அழுத்தம் ஏறுது. தோல் தாங்கலை. வெடிக்குது. பல நாள் காய்ச்சலாகக் கிடந்த நிலத்தில் திடீரென்று மழை கொட்டினால் இன்னும் மோசம். கொத்து நெருக்கமாக இருந்தால் பழத்தைப் பழமே நெரித்துப் பிளக்கும்.

வெடித்த இடத்தில் சாறு கசியும். சின்ன ஈ வந்து முட்டையிடும், பூசணம் பிடிக்கும், புளிச்ச வாடை வரும். ஒரு கொத்தில் மூணு பழம் வெடிச்சிருந்தால் அதோடு நிற்காது, பக்கத்துப் பழத்துக்கும் தாவும். ஆக, வெடிப்பு வந்த பிறகு நம் கையில் இருப்பது மணிக்கணக்கு. நாள்கணக்கு இல்லை. இந்த மணிக்கணக்கு யாருக்குச் சாதகம் என்பதில்தான் நம்ம கதையே இருக்குது.

"மழை வர்றதுக்கு முன்னாடியே அறுத்திருக்கலாமே?" என்று நகரத்தில் இருந்து வந்தவர்கள் கேட்பார்கள். திராட்சை வாழைத்தார் கிடையாது. பறிச்ச பிறகு அது பழுக்காது, இனிப்பும் ஏறாது. புளிப்பாக அறுத்தால் கடைசி வரைக்கும் புளிப்புதான். கொடியில் இருக்கிற நாளில்தான் இனிப்பு. அந்த நாளில்தான் மழை ஆபத்தும்.

இது நமக்கு மட்டும் வந்த கேடு இல்லை. செர்ரி என்று ஒரு பழம் இருக்குது. நம்ம ஊர் பேக்கரியில் கேக்கு மேலே சிவப்பாக வைப்பது பெரும்பாலும் களாக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊற வைத்துச் சாயம் போட்டது. நிஜச் செர்ரி குளிர்ப்பிரதேசத்துப் பழம். நம் நாட்டில் காஷ்மீரிலும் இமாசலப் பிரதேசத்திலும் விளையுது. அதுவும் நம் திராட்சை மாதிரியே அறுப்பு நேரத்தில் மழை பெய்தால் வெடிக்கும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் செர்ரித் தோட்டக்காரர்கள் மழை நின்றதும் ஹெலிகாப்டரை வாடகைக்குப் பிடித்து மரத்துக்கு மேலே தாழ்வாகப் பறக்க விடுகிறார்கள். அந்தக் காற்றில் பழத்து மேல் நிற்கிற தண்ணி சிதறிப் போகுது. சில நாடுகளில் தோட்டத்துக்கு மேலேயே பிளாஸ்டிக் கூரை போடுகிறார்கள். பறித்த பழத்தை ஐஸ் போலக் குளிர்ந்த தண்ணியில் விட்டுச் சூட்டை இறக்கி, வெடித்ததைப் பிரித்து எடுத்துவிட்டு, பாதிப் பாதி விலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

நாம் ஹெலிகாப்டர் கேட்கவில்லை. ஹெலிகாப்டரை நாம் தேர்தல் நேரத்தில்தான் பார்க்கிறோம், அது நம்ம பழத்துக்காக வந்தது கிடையாது. நாம் கேட்பது அதைவிட ரொம்பச் சின்னது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு உதாரணம். உங்கள் பந்தலில் ஆயிரம் கிலோ பழம் இருக்கு. கிலோ 40 ரூபாய் என்று பேச்சு முடிஞ்சிருக்கு. மொத்தம் 40,000 ரூபாய். ராத்திரி மழையில் நூற்றுக்கு அஞ்சு பழம் வெடிச்சுப் போச்சு. அதாவது 50 கிலோ. அந்த 50 கிலோவைக் கத்தரி போட்டு எடுத்துவிட்டால் மிச்சம் 950 கிலோ. 40 ரூபாய்க்கே போட்டால் 38,000 ரூபாய். மழையால் வந்த நட்டம் 2,000 ரூபாய். கத்தரிக்கிற பெண்களுக்குக் கூலி ஒரு 1,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 3,600 ரூபாய்.

ஆனால் நடப்பது என்ன? காலையில் ஆள் வந்து பந்தலைப் பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார். "பழம் அடிபட்டுப் போச்சு, 25 ரூபாய்னா எடுக்கிறேன், இல்லைன்னா விட்டுர்றேன்" என்கிறார். ஆயிரம் கிலோவுக்கும் 25 ரூபாய். கையில் வருவது 25,000. நட்டம் 15,000 ரூபாய். இதில் எடை போடும்போது பெட்டிக்கு இவ்வளவு கழிவு என்று தனியாக வேறு பிடிப்பார்கள். அதை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மழை எடுத்தது 2,000. மிச்சம் 13,000 ரூபாயை எடுத்தது யார்?

அதுவும் முன்பணம் வாங்கியவர் பாடு இன்னும் கேவலம். மழைக்கு முன்னாடி பேசிய விலை மழைக்கு அப்புறம் செல்லாது. ஆனால் மழைக்கு முன்னாடி வாங்கிய முன்பணம் மட்டும் செல்லும்! விலை ஏறினால் பேசினது பேசினதுதான், இறங்கினால் மட்டும் புதுப் பேச்சு. சிட்டை கேட்டால் "என்ன அண்ணே, நம்மளுக்குள்ள சிட்டையா?" என்று தோளில் கை போடுகிறார்கள். அந்தக் கை ரொம்பக் கனமான கை.

வியாபாரியை மட்டும் திட்டித் தீர்த்துவிட்டுப் போவது நம் நோக்கம் இல்லை. அவருக்கும் கஷ்டம் உண்டு. வெடிச்ச பழம் நாலு பெட்டியில் கலந்திருந்தால் குமுளி மலை ஏறி எர்ணாகுளம் போய்ச் சேருவதற்குள் கீழே இருக்கிற பெட்டியெல்லாம் நனைஞ்சு, லாரியே புளிச்சு நாறும். அந்தப் பயத்தில்தான் அவர் விலையைக் குறைக்கிறார். பயம் நியாயம். ஆனால் அந்தப் பயத்துக்கான விலை முழுசையும் நம் தலையில் கட்டுவது நியாயமா? வெடிச்சதைத் தனியாக எடை போடு, நல்லதைத் தனியாக எடை போடு, நல்லதுக்குப் பேசிய விலையைக் கொடு என்றுதான் கேட்கிறோம். இதில் என்ன அநியாயம் இருக்கு?

இப்படிக் கேட்க முடியாமல் நாம் வாயடைத்து நிற்பதற்குக் காரணம் நம்ம கோழைத்தனம் இல்லை. நேரம் இல்லாததுதான். "இல்லைன்னா விட்டுர்றேன்" என்று அவர் சொன்னால், நாமும் "விட்டுட்டுப் போ" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த ஆள் வருவதற்குள் பழம் அழுகும். பழத்தை ஒரு வாரம் வைத்திருக்க வசதி இருப்பவன் பேரம் பேசுவான். ஒரு நாள்கூட வைக்க முடியாதவன் தலையைத்தான் ஆட்டுவான். ஆகவே நாம் கேட்கிற குளிர் அறையைப் பழத்தைக் காப்பாற்றுகிற அறை என்று மட்டும் நினைக்காதீர்கள். நம் வாய்க்குப் பேச்சு கொடுக்கிற அறை அது.

2020ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது இதை எல்லோரும் கண்ணாரப் பார்த்தோம். எல்லை அடைபட்டது, கேரளத்து வியாபாரி வரவில்லை, பழம் கொடியிலேயே வாடியது. வாங்க ஆள் இல்லை, வைக்க இடமும் இல்லை. அன்றைக்கு "இனிமேல் இப்படி விடமாட்டோம்" என்று சொன்னவர்கள் எத்தனை பேர்!

"குளிர்பதனக் கிடங்குதான் இருக்கே?"

இப்படிச் சொல்லி நம் வாயை அடைப்பார்கள். ஜாக்கிரதையாகப் பதில் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு ஊரில் ஒரு கட்டடம் இருக்கலாம். கட்டடம் இருப்பது வேறு, திராட்சைக்கு உதவுவது வேறு.

திராட்சைக்கு முதலில் வேண்டியது முன்குளிரூட்டல். அறுத்த பழத்துக்குள் வெயில் சூடு அப்படியே இருக்கும். அந்தச் சூட்டை நாலைந்து மணி நேரத்துக்குள் இறக்க ஆரம்பிக்க வேண்டும். பெட்டிகளுக்கு ஊடே குளிர்ந்த காற்றைத் தள்ளி இறக்குகிற அறை தனி. இறக்கிய பிறகு பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி, காற்றில் ஈரம் நூற்றுக்கு 90 முதல் 95 வரை வைத்துப் பாதுகாக்கிற அறை தனி. சூட்டோடு கொண்டுபோய்ச் சாதாரணக் கிடங்கில் அடுக்கினால் வெளிப்பெட்டி குளிரும், உள்பெட்டி வேகும். காம்பு காய்ந்து பழுப்பாகும். காம்பு பழுத்துவிட்டால் வாங்குகிறவர் "பழைய பழம்" என்று சொல்லிவிடுவார், பழம் நன்றாக இருந்தாலும்.

அடுத்தது, திராட்சைப் பெட்டிக்குள் கந்தகப் புகை கசிகிற ஒரு தாள் வைப்பார்கள். பூசணம் வராமல் இருக்க. அந்தப் புகை மற்ற காய்கனிக்கு ஆகாது. புளியும் மிளகாய் வற்றலும் அடுக்கிய கிடங்கில் திராட்சையை வைத்தால் திராட்சைக்கு அந்த வாடை ஏறும். ஆக, திராட்சைக்குத் தனி அறை இல்லாத கிடங்கு நமக்குக் கிடங்கே இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கந்தகத் தாள் வெடித்த பழத்தைக் காப்பாற்றாது. வெடிப்பு வழியே புகை உள்ளே போய்ப் பழம் வெளுத்துப் போகும். அதனால் பிரித்தெடுக்கிற கொட்டகை இல்லாமல் குளிர் அறை மட்டும் கட்டினாலும் பிரயோஜனம் கிடையாது. நிழல், மேசை, கத்தரி, தராசு, அப்புறம் குளிர் அறை. இந்த வரிசையில் வேண்டும். அதுவும் தோட்டத்தில் இருந்து டிராக்டரில் அரை மணி நேரத்தில் போய்ச் சேருகிற தூரத்தில் வேண்டும்.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கூடலூர் என்று பழம் விளைகிற ஊர்களைப் பார்த்துச் சின்னச் சின்னதாகக் கட்டு என்கிறோம். அஞ்சு டன், பத்து டன் பிடிக்கிற அறைகள் சூரிய மின்சாரத்தில் ஓடுவதாகவே இன்றைக்கு வந்துவிட்டன. நெடுஞ்சாலையோரம் ஆயிரம் டன் மாளிகை கட்டி, நாடா வெட்டி, போட்டோ எடுத்துவிட்டுப் பூட்டு போடுவதற்கு நம் வரிப்பணம் வேண்டாம்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2005ல் தேசிய தோட்டக்கலை இயக்கம் வந்ததில் இருந்து குளிர் அறைக்கு மானியம் காகிதத்தில் இருக்கிறது. ஆனால் அது வங்கிக் கடனோடு பிணைந்தது. முதலில் நீ கட்டு, மானியம் பின்னால் கணக்கில் வரும் என்கிற கதை. 2020ல் ஒரு லட்சம் கோடி ரூபாய் வேளாண் உள்கட்டமைப்பு நிதி என்று அறிவித்தார்கள். அதிலும் கிடைப்பது கடன்தான். ரெண்டு கோடி ரூபாய் வரை கடனுக்கு 3 சதம் வட்டி குறைப்பு. ரெண்டு ஏக்கர் பந்தல் வைத்திருக்கிறவன், நகைக்கடனுக்கே நாலு நடை நடக்கிறவன், கோடி ரூபாய்க் கடனுக்கு எந்தப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைப்பான்? இந்தத் திட்டங்கள் யாரை மனசில் வைத்து எழுதப்பட்டன என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. மின்சாரத்தையும் பாருங்கள். தண்ணி இறைக்கிற பம்புசெட்டுக்கு இலவசம். இறைத்து விளைந்த பழத்தைக் காக்கிற குளிர் அறைக்கு அந்தச் சலுகை இல்லை.

மராட்டியத்தைப் பாருங்கள். அங்கே நாசிக், சாங்கிலி பக்கத்துத் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவு சங்கங்கள் 1991ல் ஒன்று சேர்ந்து மகாகிரேப்ஸ் என்ற அமைப்பை உண்டாக்கின. அந்த மாநிலத்து வேளாண் சந்தை வாரியம் கை கொடுத்தது. சங்கங்களிலேயே முன்குளிரூட்டும் அறையும் சேமிப்பு அறையும் வந்தன. பழம் கப்பலேறி ஐரோப்பா போனது. அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. 2023 நவம்பர் கடைசியில் நாசிக் மாவட்டத்தில் ஆலங்கட்டி மழை பெய்து பந்தல் பந்தலாகப் போச்சு. இப்போது பந்தலுக்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பு போட ஆரம்பித்திருக்கிறார்கள். செலவு ரொம்ப அதிகம், நம்மைப் போன்றவர்கள் தனியாகத் தாங்க முடியாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். அங்கே அரசாங்க வாரியம் விவசாயியின் சங்கத்தோடு நின்றது. இங்கே நாம் தனித்தனியாக மண்டி வாசலில் நிற்கிறோம்.

வெடிச்ச பழமும் பழம்தான்

காலையில் வெடிச்ச பழம் மத்தியானம் வரைக்கும் நல்ல பழம்தான். சாறு எடுக்கலாம். பன்னீர் திராட்சை சாறுக்குப் பேர் போனது. ஆனால் அன்றைக்கே பிழிய வேண்டும். மறுநாள் ஆனால் புளிப்பு ஏறும், பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்ததைப் பிழியக் கூடாது, அது உடம்புக்கு விஷம். மனுஷன் குடிக்கிற சாமான் அது, அந்த நாணயம் நமக்கும் வேண்டும். ஆகவே சாறு பிழியும் ஆலை எங்கோ தூரத்தில் இருந்து பயனில்லை, பள்ளத்தாக்குக்குள்ளேயே வேண்டும். அரசு கட்டிக் கூட்டுறவு சங்கத்திடம் கொடுக்கட்டும். வெடிச்ச பழத்துக்குக் கிலோ பத்துப் பன்னிரண்டு ரூபாய் கிடைக்கும் என்ற நிலை வந்தால் நாமே மனசார நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் போடுவோம். வெடிச்சதைப் பெட்டிக்கு அடியில் மறைத்து வைக்கிற பழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கு, அதையும் சொல்லித்தான் ஆகணும். அது நின்றால்தான் நல்ல பழத்துக்கு நல்ல விலை கேட்க நமக்கு வாய் இருக்கும்.

காப்பீடா, கண்துடைப்பா?

2016ல் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அதன் விதி என்ன? பொதுவாக ஒரு வட்டாரத்தில் அறுவடைச் சோதனை வைத்து, சராசரி விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். எடைதான் கணக்கு. வெடிச்ச பழத்துக்கும் எடை உண்டு! மழைத்தண்ணி குடிச்சதால் இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். எடையில் குறைவில்லை, ஆகவே நட்டமில்லை. தனி ஒருவர் தோட்டத்தைப் பார்ப்பது ஆலங்கட்டி, நிலச்சரிவு, வெள்ளம் சூழ்ந்தது போன்றவற்றுக்குத்தான். அறுவடைக்குப் பிந்தைய இழப்பு என்று ஒரு பிரிவு இருக்கு. அது அறுத்து வயலில் காயப் போட்ட பயிருக்கு, 14 நாள் வரை. திராட்சையை யார் அறுத்து வயலில் காயப் போடுகிறார்கள்?

இன்னொரு பெரிய ஓட்டையும் இருக்கு. கம்பம் பள்ளத்தாக்கின் பெருமையே வருஷம் பூராவும் திராட்சை அறுப்பதுதான். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாசத்தில் கவாத்து செய்கிறோம். என் பந்தலில் பழம், பக்கத்துப் பந்தலில் பூ, அதுக்கு அடுத்ததில் இப்போதுதான் கவாத்து. ஒரே மழை பெய்தால் என் குடும்பம் கவுந்து போகும், பக்கத்துக்காரருக்கு உரமாகும். வட்டாரச் சராசரி போட்டுப் பார்த்தால் எந்தப் பாதிப்பும் தெரியாது. சராசரியில் யாரும் சாகவில்லை, அதனால் யாரும் சாகவில்லை என்று எழுதி வைப்பது போலத்தான் இது.

2025 அக்டோபரில் முல்லையாற்றில் வெள்ளம் வந்து வயலுக்குள் புகுந்தபோது டி.வி.காரர்கள் வந்தார்கள், பெரியவர்கள் வந்தார்கள். வரட்டும், அது பெரிய சேதம்தான். ஆனால் வெள்ளமே இல்லாமல், ராத்திரி ரெண்டு மணி நேர மழையில், வருஷத்துக்கு ரெண்டு தடவை மூணு தடவை, ஒவ்வொரு வீடாக நாம் தோற்கிறோமே, அதுக்கு எந்தக் கேமராவும் வருவதில்லை. ஒரேயடியாக அடித்தால் பேரிடர். தவணை முறையில் அடித்தால் கடவுள் செயல்.

நாம் கேட்பது வானிலையை அளவாக வைத்த காப்பீடு. ஊருக்கு ஒரு மழைமானி வை. கூடலூரில் கொட்டுகிற மழை சின்னமனூரில் தூறக்கூடத் தூறாது, தூரத்து மழைமானிக் கணக்கு எங்களுக்கு வேண்டாம். கவாத்து செய்த தேதியைக் கிராம அளவில் பதிவு செய். பழுக்கிற நாட்களில் இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தால் இவ்வளவு இழப்பீடு என்று எழுதிக் கொடு. எத்தனை மில்லிமீட்டருக்கு எவ்வளவு வெடிக்கும் என்று அளந்து சொல்ல ஆனைமலையன்பட்டியிலேயே திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்.

2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் குறியீடு ஒட்டிய பெட்டிக்குள்ளும் பழம் வெடிக்கும். பேருக்குப் பட்டம் கொடுத்தவர்கள் பழத்துக்கு நிழல் கொடுத்தார்களா? குறியீட்டை வைத்துக் கூடுதல் விலை வாங்குவது யார்? நம் பந்தலில் இன்றைக்கும் "அடிபட்ட பழம், 25 ரூபாய்" என்ற பேச்சுதான் நடக்குது.

நாம் செய்ய வேண்டியது

"விவசாயிக்கு அறிவில்லை, அதான் வெடிக்குது" என்று சொல்ல எவருக்கும் இடம் வைக்கக் கூடாது. பழுக்கிற காலத்தில் காயப் போட்டுத் திடீரென்று பாய்ச்சாமல், அளவாக, ஒரே சீராகத் தண்ணி விடுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் தோல் இன்னும் மெலியும். சுண்ணாம்புச் சத்து தோலுக்கு உரம், ஆனால் இலையில் அடித்தால் பழத்துக்கு இறங்காது. காய் பிடித்த நாளில் இருந்து காயின் மேல் படும்படி அடிக்க வேண்டும். அளவைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு அடியுங்கள், மருந்துக்கடையில் கேட்காதீர்கள். மழை விட்டதும் ஈரத்தோடு அறுக்காதீர்கள். காய்ந்த பிறகு அறுத்து, வெடிச்சதைப் பந்தல் நிழலிலேயே கத்தரித்து எடுங்கள். பழத்து மேல் இருக்கிற வெள்ளைப் படலத்தைக் கையால் துடைக்க வேண்டாம். அது மருந்து இல்லை, பழத்தின் சொந்த மெழுகு, தண்ணி உள்ளே போகாமல் காப்பது அதுதான். டவுனில் அதை மருந்து என்று சொல்கிறவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

எடை போடும்போது சிட்டை கேளுங்கள். நல்லது எவ்வளவு, வெடிச்சது எவ்வளவு, பேசிய விலை என்ன, கழிவு எவ்வளவு என்று நாலும் எழுதிய சிட்டை. ஒருத்தர் கேட்டால் "வேற ஆளைப் பார்த்துக்கோ" என்பார்கள். ஊரே கேட்டால் எழுதித் தருவார்கள்.

இந்த மாதம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு நாம் மனுவோடு மட்டும் போகப் போவதில்லை. ஆளுக்கு ஒரு வெடித்த கொத்து, ஆளுக்கு ஒரு சிட்டை கொண்டு போகிறோம். பழம் விளையும் ஊருக்கெல்லாம் பிரித்தெடுக்கும் கொட்டகையோடு முன்குளிரூட்டும் அறை, அதுக்குப் பம்புசெட்டு போல இலவச மின்சாரம், பள்ளத்தாக்குக்குள் சாறு ஆலை, மழைமானி வைத்த காப்பீடு, எழுதிய சிட்டை இல்லாமல் கழிவு பிடிக்கத் தடை. இந்த அஞ்சுக்கும் தேதி போட்டு எழுத்தில் பதில் வாங்காமல் அங்கிருந்து எழுந்திருக்க மாட்டோம். வெடிச்ச கொத்துகள் மேசையிலேயே இருக்கட்டும். எத்தனை மணி நேரத்தில் ஈ வருது என்று அவர்களும் பார்க்கட்டும்.

கத்தரிக்கும் வேலைக்குப் போகிற சகோதரிகளும் அவசியம் வர வேண்டும். பழம் வெடித்தால் உங்கள் கூலியும்தான் போகிறது. சிட்டை கிடைக்காதவர்கள் "கேட்டேன், கொடுக்கவில்லை" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாருங்கள். கொத்தைப் பாலிதீன் பையில் கட்ட வேண்டாம், செய்தித்தாளில் சுற்றுங்கள். குறைதீர் நாளன்று காலை 8 மணிக்கு ஊர்ச் சாவடியில் இருந்து வண்டி கிளம்பும். வண்டி பிடிக்க ஆள் கணக்கு வேண்டும் என்பதால், வருகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே கிளைச் செயலாளரிடம் பேர் கொடுத்துவிடுங்கள்.